கேட்டதற்கே இடமாற்றமா?

கேள்வி: என் தங்கை ஒரு கத்தோலிக்கத் துறவற சபையில் 14 ஆண்டுகளாக அருள்சகோதரியாக இருக்கிறாள். நித்திய வார்த்தைப்பாடும் (வாழ்நாள் முழுதும் துறவியாக இருப்பேன் என்ற உறுதிமொழி) கொடுத்துவிட்டாள். சென்ற ஆண்டு சபையின் மாநில (நிர்வாகப் பிரிவு) கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கை எல்லா உறுப்பினருக்கும் காட்ட வேண்டும் என்றும், பணி மாற்றுவதற்கு முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் பேசினாள். அடுத்த மாதமே பள்ளியிலிருந்து எடுத்து, தொலைதூர இல்லம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். “கீழ்ப்படிதலை மறந்துவிட்டாய்” என்கிறாராம் தலைவி. உள்ளே இருந்துகொண்டு எதையாவது மாற்ற முடியுமா? வெளியே வந்துவிடச் சொல்லட்டுமா?
– ஓர் அக்கா, திண்டுக்கல்

பதில்: உங்கள் தங்கை கேட்ட இரண்டுமே நியாயமான கேள்விகள், அவற்றைக் கேட்டதால் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு மீறப்பட்டுவிடாது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, உறுப்பினர் சொல்வதை மனமுவந்து கேட்கும்படி தலைவர்களைப் பணிக்கிறது (618-ஆம் விதி). ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் தலைவரிடமே இருக்கும் என்றும் அதே விதி சொல்வதால், இடமாற்றத்தை மட்டும் காட்டி உங்கள் தங்கை வழக்காடுவது கடினம். அவருக்குப் பயன்படக்கூடியது 631-ஆம் விதி. சபையின் உச்ச அதிகாரம், சபை முழுவதன் பிரதிநிதிகள் கூடும் பொதுப் பேரவைக்கே உரியது என்று கூறும் அந்த விதி, மாநிலங்களும் இல்லங்களும் மட்டுமன்றித் தனி உறுப்பினர் ஒருவரும் தம் விருப்பங்களையும் ஆலோசனைகளையும் பேரவைக்குத் தாராளமாக அனுப்பலாம் என்கிறது. கூட்டத்தில் வாயால் சொன்னதை நாளை ‘அப்படி ஒன்றும் பேசவில்லையே’ என்று மறுத்துவிடலாம். பேரவைக்கு எழுதி அனுப்பியது கோப்பில் இருக்கும்.

ஆனால் எழுதியவுடன் மாற்றம் வந்துவிடும் என்று உங்களுக்கு நம்பிக்கையூட்ட என்னால் முடியவில்லை. இங்கிலாந்தில் 1585-இல் பிறந்த மேரி வார்டு, அடைபட்ட மடத்துக்குள் இராமல் வெளியே சென்று சிறுமியருக்குக் கற்பிக்கும் சபையை, இயேசு சபையின் ஒழுங்கைப் பின்பற்றி, ஆயருக்கு (பிஷப்) கட்டுப்படாமல் பெண் தலைவியின் கீழ் நடத்த விரும்பினார். அனுமதி கேட்க ஆல்ப்ஸ் மலையைக் கடந்து உரோமைக்குச் சென்றார். 1631-இல் திருத்தந்தை (போப்) எட்டாம் உர்பான் அச்சபையைக் கலைத்தார். மேரி வார்டு மூனிக் நகரின் கிளாரா கன்னியர் மடத்தில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தம் தோழியருக்கு எலுமிச்சைச் சாற்றால் எழுதி அனுப்பினார். தாளைச் சூடு காட்டினால்தான் எழுத்து தெரியும். அவரைச் சபை நிறுவுநர் என்று வெளிப்படையாகச் சொல்ல உரோமை இசைந்தது 1909-இல்தான். கொல்கத்தாவின் அன்னை தெரசா முதலில் சேர்ந்திருந்த லொரேட்டோ சபை இவர் வழியில் வந்த கிளைதான். மேரி வார்டு தோற்றார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 278 ஆண்டுக் காத்திருப்பை உங்கள் தங்கைக்கு ஆறுதலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று நம் காலத்துக்கு நெருக்கமானது. துறவற வாழ்வைப் புதுப்பிக்கும்படி, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மாசற்ற இருதய சகோதரிகள் 1967-ஆம் ஆண்டுப் பொதுப் பேரவையில் உடை, செப நேரம், ஆசிரியைகளின் பயிற்சி ஆகியவற்றைத் தாங்களே தீர்மானித்தார்கள். அந்நகரின் பேராயர் கர்தினால் மெக்கின்டயர் அதை ஏற்கவில்லை. 1970-இல், தலைவி அனிட்டா காஸ்பரியுடன் 300-க்கும் மேற்பட்டோர் வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுதலை பெற்று, திருச்சபைச் சட்டத்துக்கு வெளியே ஒரு குழுமமாக ஒன்றுசேர்ந்து வாழத் தொடங்கினார்கள். அவர்கள் சேர்ந்து வெளியேறினார்கள் என்பதைக் கவனியுங்கள். தனியாக வெளியேறுபவரின் நிலை வேறு.

சபைக்காகச் செய்த எந்த வேலைக்கும் வெளியேறுபவர் ஊதியம் கோர முடியாது என்கிறது 702-ஆம் விதி. நீதியுணர்வோடும் அன்போடும் நடந்துகொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்வதோடு அது நின்றுவிடுகிறது. பதினான்கு ஆண்டுச் சம்பளத்தில் தங்கை பெயரில் ஒரு ரூபாயாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். முடிவெடுக்க அவகாசம் தேவையென்றால், முக்கியமான காரணத்தைக் காட்டி, ஐந்து ஆண்டுகள் வரை சபைக்கு வெளியே தங்க அனுமதி கேட்கலாம். வார்த்தைப்பாடு அப்படியே இருக்கும். ‘நீக்கிவிடுவோம்’ என்று வெறுமனே மிரட்டினால் அவர் அஞ்ச வேண்டியதில்லை. பொதுவாக, குறைந்தது பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு எச்சரிக்கைகள் தரப்பட வேண்டும். தம் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தரப்பட வேண்டும். நீக்க ஆணை வந்தாலும் முறையிட முன்பிருந்த 10 நாள் அவகாசத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023-இல் 30 நாளாக்கிவிட்டார்.

வெளியே வரச் சொல்லாதீர்கள், இருக்கவும் சொல்லாதீர்கள். இரண்டில் எதைச் சொன்னாலும், நாளைக்கு அது அக்காவின் முடிவாகிவிடும். வந்தால் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்பதை மட்டும் ஒரே ஒரு முறை சொல்லி வையுங்கள். அடுத்த தடவை போனில் பேசும்போது, அவர்கள் சபையின் பொதுப் பேரவை எந்த ஆண்டு கூடுகிறது, ஆலோசனைகளை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள்.