உயர்மலைப் பூச்செடிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எடல்வைஸ், சாக்ஸிஃப்ரேஜ் செடிகள் குளிர்காலத்தில் அடித்தண்டு அழுகிச் சாகின்றன. உறைபனியைத் தாங்கும் செடிகளுக்கு ஏன் இப்படி?

பதில்: குளிர் கொல்வதில்லை, ஈரம்தான் கொல்கிறது. மலையில் இவை பனிப்போர்வைக்குள் உலர்வாக உறங்கும், வேரடியில் நீர் தங்காது. தோட்டமண், இலைமட்கு, 3–6 மி.மீ. கூர்ச்சரளை மூன்றையும் சம அளவில் கலந்து நடுங்கள். நைசான மணல் வேண்டவே வேண்டாம், காற்றிடைவெளியை அடைத்துவிடும். நட்டதும் இலைக்கொத்தை விரலால் மெல்லத் தூக்கி, தண்டும் மண்ணும் சேரும் இடத்தைச் சுற்றி 2 செ.மீ. உயரத்துக்குச் சரளையை நெருக்கித் தள்ளுங்கள். அழுகல் தொடங்குவது அந்த இடத்தில்தான். குளிர்கால மழை படாமலிருக்க, செடிக்கு மேலே ஒரு கண்ணாடித் தகடு போதும். பக்கங்களை மூடினால் பூஞ்சை வரும். உரத்தைக் குறையுங்கள், கொழுத்த மண்ணில் இலைதான் மிஞ்சும், பூ வராது.

கேள்வி: ஜென்ஷியன் விதை முளைக்கவே இல்லையே?

பதில்: அதற்குக் குளிர் பட வேண்டும். தொட்டியில் ஈரமான மண்கலவையின் மேல் விதையைத் தூவி லேசாக அழுத்துங்கள். ஒளி தேவை என்பதால் மண்ணால் மூடாதீர்கள். தொட்டியைப் பிளாஸ்டிக் பையிலிட்டு ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் 6–8 வாரம் வைத்து, பிறகு நேர்வெயில் படாத வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். புது விதையே நல்லது. முளைக்காத தொட்டியை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த வசந்தத்திலும் முளை வரலாம்.