ஈட்டியும் கவாத்துக் கத்தியும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். போன ஞாயிறு ஆராதனையில் ஏசாயா 2:4 வாசித்தார்கள். பட்டயங்களை, அதாவது வாள்களை, மண்வெட்டிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள் என்று. உடனே எல்லையில் நிற்கும் வீரர்களுக்காக ஜெபித்தோம். வீட்டில் புரட்டினால் யோவேல் 3:10 நேர்மாறாக, மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடியுங்கள் என்கிறது. போர் பற்றி நம் விசுவாசம் சொல்வதுதான் என்ன?
வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

யோவேலை ஒரு வசனம் முன்னால் இருந்து படியுங்கள். புறஜாதிகளுக்குச் சொல்லச் சொன்ன சொல் அது. யோசபாத் பள்ளத்தாக்குக்கு, நியாயத்தீர்ப்புக்கு வாருங்கள் என்ற அறைகூவல். சபைக்கு இட்ட கட்டளையாக அதை எடுக்க முடியாது.

ஏசாயாவின் 'அரிவாள்' உங்களுக்குத் தெரிந்த கருவி. எபிரேயத்தில் 'மஸ்மேரா', அதாவது கொடி கழிக்கும் கத்தி. கதிர் அறுப்பதற்கு வேறு சொல் உண்டு, யோவேல் 3:13இல் வருவது அதுதான். தமிழில் இரண்டும் அரிவாள் ஆகிவிட்டன. அறுவடை முடிந்ததும் உங்கள் தோட்டத்தில் கவாத்து எடுக்கிறார்களே, அந்த வேலைக்கான கத்தி. மழுங்கியதை வைத்து இழுத்தால் பட்டை கிழிந்து நோய் புகும்; தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். படைப் பயிற்சிக்கும் தமிழில் கவாத்து என்றுதான் பெயர். "இனி அவர்கள் யுத்தத்தைக் கற்பதுமில்லை" என்று வசனம் முடிகையில் அந்தக் கவாத்து நின்று இந்தக் கவாத்து தொடங்குகிறது.

ஆனால் வசனத்தின் தொடக்கத்தை விட்டுவிடுகிறோம்: "அவர் ஜாதிகளுக்குள் நியாயந்தீர்த்து". வழக்கு தீர்ந்த பிறகுதான் உலைக்களம். தீராத வழக்கோடு ஆயுதத்தை யார் கீழே வைப்பார்கள்?

சபை தடுமாறியதும் இங்கேதான். பேதுருவின் பட்டயத்தைத் தடுத்தபோதே கர்த்தர் எல்லாப் போர்வீரரையும் நிராயுதபாணி ஆக்கினார் என்றார் ஆதிச் சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன். 295இல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞன் ரோமப் படையில் சேர மறுத்து உயிர்விட்டான். அந்த அரசு கிறிஸ்தவமானபின் ஆயர் அகுஸ்தீன், சமாதானத்தை அடையவே போர், அதுவும் வேறு வழியில்லாதபோது என்றார். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அக்குவினாஸ் 3 நிபந்தனை வைத்தார்: ஆளும் அதிகாரம், நியாயமான காரணம், நல்ல நோக்கம். கடிவாளமாகச் செய்தவை இவை. தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்கார்ந்த அரசர்கள் காரணத்தை மட்டும் ஓதிவிட்டு நோக்கத்தை மறந்தார்கள். கடிவாளம் அனுமதிச் சீட்டானது. எனக்கு இதுதான் ஆறாத வருத்தம். நகரங்களை மக்களோடு சேர்த்து அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபை சங்கம் கூடி அறிவித்தது 1965இல்தான்.

வீரர்களுக்காக ஜெபித்ததில் பிழையில்லை. சத்துருக்களைச் சிநேகித்து அவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் மத்தேயு 5:44ஐக் காட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகளையும் அதே ஜெபத்தில் சேர்க்கச் சொல்லி உங்கள் ஆயரிடம் கேளுங்கள்.