எலுமிச்சைக் கொழுந்து வெளிறுகிறதா? யூரியாவை நிறுத்திவிட்டு இலையைப் பாருங்கள்

கேள்வி: புளியங்குடி பக்கம் நான்கு வயது எலுமிச்சை. புதுக்கொழுந்து மஞ்சளாக, சின்னதாக வருகிறது. யூரியாவும் டிஏபியும் வைத்தும் பச்சை திரும்பவில்லை. என்ன செய்யலாம் சார்?

பதில்: யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்கள். அது தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). தழைச்சத்துக் குறை என்றால் முற்றிய அடி இலைதான் முதலில் மொத்தமாக வெளுக்கும். உங்களுக்குக் கொழுந்தில் வருகிறது, அதுவும் இலை சிறுத்து வருகிறது. இது பெரும்பாலும் துத்தநாகக் (ஜிங்க்) குறை.

ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்பும் அதை ஒட்டிய பகுதியும் பச்சையாக இருந்து, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகி, இலை குறுகி, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நின்றால் துத்தநாகம். இலை அளவு சரியாக இருந்து, வெளிறிய இலையில் நரம்பு மட்டும் மெல்லிய வலைபோலப் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. முற்றிய இலையில் காம்புப் பக்கம் மட்டும் முக்கோணமாகப் பச்சை மிஞ்சினால் மக்னீசியம்.

இன்னொன்றையும் அவசியம் பாருங்கள். ஊட்டக்குறை நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத்திட்டாக, அதுவும் ஒரு கிளையில் மட்டும் தொடங்கியிருந்தால் கிரீனிங் நோயாக இருக்கலாம். சைலிட் எனும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் அந்த நோய்க்கு எந்த உரமும் மருந்தில்லை. அப்படி இருந்தால் மரத்தைத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.

மண்ணில் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு மண். அதில் துத்தநாகமும் இரும்பும் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. டிஏபியின் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுக்கு மிஞ்சினால் துத்தநாகத்தை மேலும் கட்டிப்போடும். அதனால்தான் நீங்கள் வைத்தது பலிக்கவில்லை.

துத்தநாகம்தான் என்றால் இலைவழித் தெளிப்பே சரி. 10 லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம். இலை கருகாமல் இருக்க, நீர்த்த சுண்ணாம்பு 25 கிராமைத் தனியே கரைத்து, வடிகட்டிச் சேருங்கள். மார்ச், ஜூலை, அக்டோபரில் கொழுந்து விரிந்ததும் காலையிலோ மாலையிலோ அடியுங்கள். பழைய இலை முழுதாகப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த கொழுந்து எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள்.

அடிமரத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வேர் மூச்சடைத்தாலும் கொழுந்து வெளுக்கும்.