அமெரிக்க எல்லைப்புற ஊர்கள் கவுன்டியின் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவின்) தலைநகர் ஆவதற்காக ஏன் துப்பாக்கி ஏந்தின?
முதன்மைக் காரணம் நிலத்தின் விலை. 1880களில் மேற்குக் கான்சாஸில் மனை பிரித்து விற்ற ஊர்களுக்குத் தலைநகர்த் தகுதி கிடைத்தால் நீதிமன்றமும் நிலப் பதிவேடுகளும், அவற்றைத் தொடர்ந்து வழக்கறிஞர்களும் விடுதிகளும் வணிகமும் வந்துசேரும். தோற்ற ஊரோ பல வேளைகளில் ஆளற்றுப் போகும். பதிவேடுகள் இருக்கும் ஊரே நடைமுறையில் தலைநகர் என்பதால், தலைநகரை முடிவுசெய்யும் தேர்தலில் கள்ள ஓட்டுப் போடுவதோடு நில்லாமல் அவற்றைக் கவர்ந்து செல்லவும் துணிந்தனர். 1889 ஜனவரி 12 அன்று கிரே கவுன்டியின் பதிவேடுகளை எடுக்க இங்கால்ஸ் ஊர்த் தரப்பினர் போட்டி ஊரான சிமரனுக்குள் புகுந்தபோது மூண்ட சண்டையில் ஒருவர் இறந்தார்.

ஆனால் எனக்கு மிகக் கொடியதாகத் தோன்றுவது, ஸ்டீவன்ஸ் கவுன்டியில் ஹ்யூகோட்டன், வுட்ஸ்டேல் என்ற இரு ஊர்கள் நடத்திய பகை. 1888 ஜூலை 25 அன்று, எந்த மாநிலத்திற்கும் உட்படாத ஓர் இடைநிலப் பகுதியில், வுட்ஸ்டேல் தரப்பின் ஷெரீப் (கவுன்டியின் காவல் அதிகாரி) ஜான் கிராஸும் உடனிருந்த மூவரும் ஆயுதமற்ற நிலையில் ஹ்யூகோட்டன் தரப்பினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். காயமுற்று, இறந்தவர்போல் கிடந்த இளைஞர் ஒருவர் தப்பிச் சாட்சி சொன்னார். கொலையாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டவர்களுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனைகளை 1891இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டில் வுட்ஸ்டேலின் நிறுவனர் சாம் வுட்டும் ஹ்யூகோட்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹ்யூகோட்டன் இன்றும் தலைநகராக இருக்கிறது, வுட்ஸ்டேல் அழிந்துவிட்டது.