பால் கொடுக்கலாமா? பப்மெட்டுக்குப் போகும் முன்…

கேள்வி: சிறிய மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். "இந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?" என்று தாய்மார்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பப்மெட்டில் தேடினால் கட்டுரைகள் கொட்டுகின்றன, பாதியைத் திறக்கவே முடியவில்லை. இந்த மருத்துவ டிஜிட்டல் நூலகங்களால் வேலை நேரத்தில் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்குப் பப்மெட் சரியான இடம் இல்லை. அது 3.5 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் குறிப்புகளின் அட்டவணை. எந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது என்று காட்டும், பலவற்றுக்குச் சுருக்கமும் தரும். முழுக் கட்டுரை பெரும்பாலும் பதிப்பாளரின் கட்டணத்துக்குப் பின்னால்தான் இருக்கும். இலவசமாகப் படிக்கக்கூடியவை 2000இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரலில் கிடைக்கும். சரி, கிடைத்தாலும் தாயும் குழந்தையும் காத்திருக்கும்போது பத்துக் கட்டுரைகளை யார் படிப்பது?

உங்களுக்குத் தேவை லாக்ட்மெட் (LactMed) என்ற, மருந்தும் தாய்ப்பாலும் பற்றிய தரவுத்தளம். பப்மெட்டை நடத்தும் அதே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து தாய்ப்பாலில் எவ்வளவு கலக்கிறது, குழந்தையிடம் என்ன விளைவு தெரிந்தது, பால் சுரப்பு குறையுமா, மாற்று மருந்து எது என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே பக்கத்தில் தொகுத்திருப்பார்கள். மேலே உள்ள சுருக்கத்தைப் படிக்க ஓரிரு நிமிடம் போதும்.

மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளை மட்டும் நம்பினால் வரும் சிக்கல் இங்கேதான் தெரியும். பல மருந்துகளுக்கு அந்தத் தாள் ஒரே மாதிரி "மருத்துவரைக் கேளுங்கள்" என்று முடித்துவிடும். லாக்ட்மெட்டில் ஐபுப்ரோஃபெனைப் பாருங்கள்: பாலில் வருவது மிகக் குறைவு, பாலூட்டும் தாய்க்கு விரும்பத்தக்க வலிநிவாரணி என்றே இருக்கும். கோடீன் என்ற வலிநிவாரணி அப்படியில்லை. சிலர் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறும். குழந்தைக்கு அதிகத் தூக்கமும் மூச்சுத் தடுமாற்றமும் வரலாம். பாலூட்டும்போது கோடீனும், டிராமடால் என்ற இன்னொரு வலிநிவாரணியும் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது.

தேடும்போது பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மருந்தின் மூலப்பெயரை (generic name) போடுங்கள். கூட்டு மாத்திரை என்றால் அதிலுள்ள ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகப் பாருங்கள். இருமல் மருந்துகளில் கோடீன் ஒளிந்திருப்பது இப்படித்தான் பிடிபடும். பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியையும் கவனியுங்கள். குறைமாதக் குழந்தைக்கோ பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கோ அந்தச் சுருக்கத்தை அப்படியே பொருத்தாதீர்கள். வளர்ந்த குழந்தையைப் போல அவர்களால் மருந்தை வெளியேற்ற முடியாது.

"இந்தச் சிகிச்சை பலன் தருமா?" என்பது வேறு வகைக் கேள்வி. அதற்குச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நூலகம். அதன் எளிய மொழிச் சுருக்கங்கள் இலவசம், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. முழு ஆய்விதழ்களே வேண்டுமென்றால், வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தர உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டத்தில் உங்கள் நாடு தகுதி பெறுகிறதா என்று நிர்வாகத்திடம் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தனிநபராகச் சேர முடியாது, மருத்துவமனைதான் பதிய வேண்டும்.

அப்புறம், லாக்ட்மெட் பக்கத்தைத் தாயிடம் காட்டி நீங்களாக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ சொல்ல வேண்டாம். அதை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "மாற்று மருந்து" பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.