புதுச்சேரியில் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஹ்யூமிடோர் ஆரம்பிக்க எந்தச் சுருட்டுகளை வாங்கலாம்?

ஹ்யூமிடோர், அதாவது சுருட்டை ஈரப்பதம் குறையாமல் வைத்திருக்கும் மரப்பெட்டி ஒன்று வாங்கி, மீதிக் காசில் அதை நிரப்பச் சுருட்டு வாங்க வேண்டும், மொத்தம் பத்தாயிரம்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மரப்பெட்டியை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். விலை குறைந்த பெட்டிகளில் மூடி சரியாக உட்காராது. ஸ்பானிஷ் சீடர் மரம் என்று சொல்லி ப்ளைவுட் மேல் மெல்லிய பட்டை ஒட்டியிருப்பார்கள். மூடியில் பதித்த ஈரப்பத முள் மீட்டர் அதன் இஷ்டத்துக்கு எதையாவது காட்டும். அந்தக் காசுக்கு நல்ல சுருட்டு நான்கு வரும்.

பாத்திரக்கடையில் நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும், ரப்பர் வளையம் உள்ள 2 அல்லது 3 லிட்டர் டப்பா கேளுங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும். பெருங்காயமோ சாம்பார்ப் பொடியோ இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வாசனை சுருட்டில் ஏறிவிடும். கழுவி, இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுருட்டுக் கடையில் காலி மரப்பெட்டி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அதன் பலகை ஒன்றை டப்பாவின் அடியில் போட்டால் போதும். தேவதாரு, பைன் பலகை வேண்டாம், பிசின் நெடி அடிக்கும்.

அடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஈரப்பதம் அளக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். வந்தவுடன் அதை நம்பாதீர்கள். பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உப்பு கரைந்து தண்ணீராகிவிட்டால் சோதனை செல்லாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் வைத்து மூடி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் 75% காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஈரப்பதத்துக்கு போவேடா மாதிரி இருவழிப் பொட்டலம்; ஈரம் குறைந்தால் விடும், கூடினால் இழுக்கும். 60 கிராம் பொட்டலம் ஒன்று 25 சுருட்டு வரை தாங்கும். பஞ்சில் தண்ணீர் ஊற்றி வைப்பது, பெட்ரோல் பங்க் பேட்டரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவது எல்லாம் இந்தக் கடற்கரைக்குத் தேவையே இல்லை. அது பூஞ்சைக்குப் போடும் விருந்து.

பொட்டலத்தில் எந்த எண், அதாவது எத்தனை சதவீத ஈரப்பதம் வாங்குவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் 69 என்பார்கள். அங்கே வீட்டுக்குள் 20 டிகிரி, ஹீட்டர் போட்டு வறண்ட காற்று. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணியே மூன்று நாள் காய்வதில்லை. டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரம் உள்ளேதான் போகும். போதாக்குறைக்கு 30 டிகிரி வெப்பத்தில் பூஞ்சை இன்னும் வேகமாகப் பிடிக்கும். புதுச்சேரி, கடலூருக்கு 65; மழைக்காலத்தில் 62 இன்னும் நல்லது. "கியூபாக்காரனே 70-ல்தான் வைக்கிறான்" என்று சண்டைக்கு வருவார்கள். வைக்கட்டும், குளிரூட்டிய அறையில். பொட்டலம் கல் மாதிரி இறுகினால் காய்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் அது உப்பிப் புடைப்பதுதான் அதிகம். அப்படியானால் இனி ஈரம் இழுக்காது, மாற்றுங்கள்.

இதெல்லாம் இரண்டாயிரத்துக்குள் முடியும். மிச்சத்துக்கு எட்டுச் சுருட்டு, நான்கு வகை, வகைக்கு இரண்டு. எட்டு வகையில் ஒவ்வொன்று வாங்காதீர்கள். ஒன்றை இப்போது பிடித்து, மற்றதை மூன்று மாதம் கழித்துப் பிடித்தால்தான் உங்கள் டப்பா சுருட்டை வளர்க்கிறதா கெடுக்கிறதா என்று தெரியும். அளவையும் முடிந்தவரை ஒரே மாதிரி எடுங்கள்: ஐந்து அங்குலத்துக்குள் நீளம், 42 ரிங். ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, ஆக 42 ரிங் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் தடிமன். அரை மணி, முக்கால் மணியில் முடியும். ஏழு அங்குல சர்ச்சில் அளவு ஆரம்பத்தில் வேண்டாம், பாதியில் தலை சுற்றும்.

முதல் வகை, நிழலில் வளர்த்த கனெக்டிகட் ஷேட் இலையை வெளிச்சுற்றாக, அதாவது மேலிலையாகப் போட்ட டொமினிக்கன் சுருட்டு. மக்கனுடோ கஃபே இதற்கு எளிதில் புரியும் உதாரணம். மிதமானது, தப்பாகப் பிடித்தாலும் மன்னித்துவிடும். இரண்டாவது மதுரோ. இலையை நீண்ட நாள், அதிகச் சூட்டில் புளிக்க வைப்பதால் கறுத்து, லேசாக இனிக்கும். கறுப்பு என்றால் காரம் என்பது தவறு. காரத்தைத் தருவது உள்ளே வைக்கும், செடியின் உச்சியில் பறித்த லிஹேரோ இலை. மூன்றாவது நிகரகுவா, அதிலும் எஸ்தெலி பக்கத்து இலை. மிளகுக் காரம் இருக்கும், சாப்பிட்ட பிறகு மட்டும் பிடியுங்கள். நான்காவது கியூபா. ஆசைக்காக அல்ல, ஒப்பிட ஒன்று வேண்டும் என்பதற்காக. ஹோசே எல் பியெத்ரா அல்லது கின்தேரோ. இரண்டும் கையால் சுற்றியவைதான், ஆனால் உள்ளே துண்டு இலை. வேகமாக எரியும், துகள் வாயில் வரும், சில நேரம் இழுவை இறுக்கமாக இருக்கும். மற்ற மூன்றையும் முழு இலை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

உறையூர், திருச்சிச் சுருட்டு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வெட்டவும் பற்ற வைக்கவும் பழக அதுதான் மலிவு. வேறு டப்பாவில் வையுங்கள், மணம் கலந்துவிடும். வாசனை சேர்த்த வெனிலா, செர்ரி வகைகளுக்கும் இதே விதி.

கடையில் கவனிக்க வேண்டியவை. அடியிலிருந்து தலைவரை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் பொதபொதவென்று, இன்னோரிடத்தில் கட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் ஏசிக் காற்றில் காய்ந்த சரக்கு. குண்டூசி அளவில் வட்ட ஓட்டை தெரிந்தால் புகையிலை வண்டு. அந்தப் பெட்டியிலிருந்து எதையுமே வாங்காதீர்கள்.

புதுச்சேரியில் எல்லாமே பாதி விலை என்று நினைத்து வருகிறவர்களுக்கு: மலிவு மதுவில்தான், அது ஜி.எஸ்.டி.க்கு வெளியே. புகையிலைக்கு 2017 முதல் சென்னையிலும் இங்கேயும் ஒரே வரி. பேரம் பேசிக் கடைக்காரரைக் கடுப்பேற்றிவிட்டு, சாயங்காலம் பீச் ரோட்டுப் பாறை இடுக்கில் துண்டுகளைச் செருகிவிட்டு வேறு போகிறார்கள். பொது இடத்தில் புகைக்க 2008-லிருந்தே தடை என்று சொன்னால் நாம் கெட்டவர்கள்.

தெரிந்தவர் மூலம் மலிவாக வரும் கோஹிபாவை, அதாவது கியூபாவின் விலை உயர்ந்த சுருட்டைத் தொடாதீர்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், போலி. 2022-ல் கோஹிபா விலையை உலகம் முழுக்கத் தூக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு, "அங்கே சீப்" என்ற கதையும் எடுபடாது.

வாங்கி வந்ததும் செலோபேன் உறையைக் கழற்ற வேண்டாம். 24 டிகிரி தாண்டினால் வண்டு முட்டை வேகமாகப் பொரியும், நம் வீடுகளில் வருஷம் முழுக்க அதைத் தாண்டித்தான் இருக்கும். அதனால் இரட்டை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள். ஃப்ரீசரிலிருந்து நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். ஃப்ரீசர் மைனஸ் 18 வரை இறங்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் அறை பல வீடுகளில் அதைத் தொடாது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிறகு டப்பாவில் அடுக்கி, வெயில் படாத உள்ளறையில், தரையை ஒட்டிய அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஃப்ரிட்ஜ் தலை இரண்டும் ஆகாது. வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து மூடினால் போதும்.

புகைக்கச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை. உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரலாம். 18 வயதுக்குள் இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கில்லை.

இரண்டு வாரம் ஓய்வெடுத்த பிறகு வகைக்கு ஒன்று பிடியுங்கள். மீதியை மூன்று மாதம் கழித்து. அப்போது அடிக்கடி அணைந்து, கசப்பு ஏறினால் ஈரம் அதிகம், 62-க்கு மாறுங்கள். சூடாக, வேகமாக எரிந்து, வெட்டும்போதே மேலிலை பிளந்தால் காய்ந்துவிட்டது; பொட்டலம் இறுகியிருந்தால் அதை மாற்றுங்கள், ரப்பர் வளையத்தையும் பாருங்கள். இரண்டு தடவையும் பிடித்துப்போன வகை எதுவோ, அடுத்த சம்பளத்தில் அதை மட்டும் ஐந்து வாங்குங்கள்.