கர்நாடக வயலின் மட்டும் தெரிந்தவர் ஆப்பிரிக்கக் கொயருடன் வாசிக்க முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு கொயர், அதாவது பல குரலில் பாடும் குழு, சேர்ந்து வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறது, தனக்கு வெஸ்டர்ன் நொட்டேஷன் தெரியாது, போனால் சமாளிக்க முடியுமா, யாருக்காவது அனுபவம் உண்டா?

முடியும். அனுபவமும் உண்டு. ஒரு வரி போதும் என்பவர்கள் இத்தோடு அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

முதலில் முன்ஜாமீன் வாங்கிக்கொள்கிறேன். நான் பெரிய வித்வான் இல்லை. சபாக்களில் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைப்பவன். நான் பழகியது டர்பனை ஒட்டிய உம்லாசியில் ஒரே ஒரு கொயருடன், அதுவும் ஒரு குளிர்காலம் மட்டும். அதை வைத்துத் தென்னாப்பிரிக்காவையே அளந்துவிட்டதாகச் சொல்லவில்லை. அங்கேயே நாலைந்து தலைமுறையாக இருக்கும் நம்மவர்கள் இங்கே இருந்தால் திருத்தட்டும்.

உங்களுக்கு இந்நேரம் பாட்டுத் தாள்களை அனுப்பியிருப்பார்கள். நீங்கள் பிரித்துப் பார்க்காமலே, ஐந்து கோடும் தலைகீழ்ப் புளியங்கொட்டையுமாக இருக்குமென்று யூடியூபில் பாடம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை நிறுத்திவிட்டுத் தாளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோடே இருக்காது, வெறும் எழுத்துகள்தான். அங்கே கறுப்பின மக்களின் கொயர்கள் தலைமுறை தலைமுறையாகப் படிப்பது டானிக் சோல்ஃபா, டோ ரே மி ஸ்வரங்களை முதலெழுத்தால் எழுதிக் காட்டுவது. இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய முறை, 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளோடு கப்பலேறி வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் அதை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள், இவர்கள் விடவில்லை. ஜோகன்னஸ்பர்க் மிஷன் பள்ளி ஒன்றில் வாத்தியாராகவும் கொயர் மாஸ்டராகவும் இருந்த ஈனாக் சொன்டோங்கா 1897-இல் ‘ன்கோசி சிகெலெல் இயாஃப்ரிகா’ என்ற துதிப்பாட்டை எழுதியபோது கையாண்டதும் சோல்ஃபாதான். 1997 முதல் அந்நாட்டுத் தேசிய கீதத்தின் முதல் பகுதி அந்தப் பாட்டு.

இது நமக்கு ஏன் வசதி? டோ என்பது இடம் மாறும் ஸ்வரம். நம் ஸட்ஜம் மாதிரியேதான். தாளின் தலையில் ‘டோ இஸ் ஜி’ என்று போட்டிருந்தால் ஐந்து கட்டை (நாம் சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்று படித்துக்கொள்ளுங்கள். ஏ ஃப்ளாட் என்றால் ஐந்தரை, ஈ ஃப்ளாட் என்றால் இரண்டரை. மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் நாம் புள்ளி வைக்கிற மாதிரி அவர்கள் எழுத்தின் மேலும் கீழும் சின்னக் கோடு போடுகிறார்கள். இரட்டைப் புள்ளி பீட்டைப் பிரிக்கும், ஒற்றைப் புள்ளி அந்தப் பீட்டை இரண்டாக உடைக்கும், படுக்கைக் கோடு கார்வை, அதாவது ஸ்வரத்தை நீட்டுவது. ஒத்திகையிலும் முதலில் சோல்ஃபாவைப் பாடிவிட்டுத்தான் வார்த்தைக்கு வருகிறார்கள். கீதம் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு நாம் ஸ்வரம் முதலில், சாஹித்யம் பிறகு என்று சொல்லிக் கொடுக்கும் அதே வரிசை.

ஆனால் மூன்று எழுத்து உங்களைக் கவிழ்க்கப் பார்க்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ் என்று கண்டதும் விரல் தானாக ஸ-வுக்குப் போகும். அது சோ, அதாவது நம் ப. எம் என்றிருப்பது மி, நம் க. டோவுக்குப் போடும் டி-யைப் பார்த்தால் தைவதம் என்று தோன்றும், அதுதான் ஸட்ஜம். உங்கள் வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டு விடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் டெனரின் தாளிலும் கிறுக்கல்தான் இருக்கும். (கொயரின் நாலு குரலில் ஆண்களின் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ்; பெண்களின் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ.)

அடுத்தது சுருதி. கொயர் பாட்டுக்குப் பாட்டு டோவை மாற்றும், இடையில் இடைவெளியும் இருக்காது. கைதட்டல் அடங்குவதற்குள் கொயர் மாஸ்டர் அடுத்த பாட்டின் சுருதியை முனகிக் காட்டிவிடுவார். நாலு தந்தியையும் திருகிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. நான் வயலினை நாலு கட்டையில், அதாவது எஃப்-இல், சேர்த்து வைத்துக்கொண்டேன். பி ஃப்ளாட் பாட்டு வந்தால் மத்யம சுருதி, புன்னாகவராளி வாசிக்கிற மாதிரி மத்யமத்தை ஸட்ஜமாக்கிவிட்டால் போதும். சி பாட்டு வந்தால் பஞ்சமம் ஸட்ஜம். ஒரே சேர்க்கையில் மூன்று சுருதி வந்துவிட்டது. மற்றவற்றுக்குக் கூச்சப்படாமல் கொயர் மாஸ்டரிடம் கேளுங்கள். டோ எங்கே வைத்தாலும் தாள் மாறப் போவதில்லை என்பதால், ஜி-யை எஃப் ஆக்குவது அவருக்கு ஒரு முனகல் வேலை. சொப்ரானோக்கள் நன்றி சொல்வார்கள்.

இன்னொன்று, வாத்தியத் துணை இல்லாமல் பாடும்போது சுருதி போகப் போகக் கொஞ்சம் நகரும். உங்கள் திறந்த தந்தி நகராது. ஆகவே திறந்த தந்தியைத் தொடாமல் விரல் வைத்தே வாசியுங்கள். ‘நான்தான் சரி, அவர்கள் இறங்கிவிட்டார்கள்’ என்று முறைக்காதீர்கள். முப்பது பேர் சேர்ந்து இறங்கினால் அதுதான் அந்த நேரத்துச் சுருதி.

இப்போது கமெண்டில் அடி விழப்போகிற இடம். கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை, குறையுங்கள். மேஜர் ஸ்கேல்தானே, சங்கராபரணம்தானே என்று நாம் ரி-யையும் த-வையும் அசைத்தால், அதே த-வை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும் டெனர் வரியோடு மோதும். எங்கள் கொயர் மாஸ்டர் தங்கமான மனிதர், ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர். முதல் வாரம் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு ரொம்பப் பணிவாகச் சொன்னார்: “அழகாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எந்த நோட்டில் இருக்கிறீர்கள் என்று என் டெனர்கள் கேட்கிறார்கள்.” கமகம் இல்லாத கர்நாடக சங்கீதம் சங்கீதமா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: நான் வாசித்தது கர்நாடக சங்கீதம் என்று எங்கேயும் சொல்லவில்லை. கர்நாடக சங்கீதம் தெரிந்த ஒருவன் கொயரில் வாசித்தான், அவ்வளவுதான்.

நமக்கென்று இடம் இல்லாமலும் இல்லை. அவர்களுடைய பழைய பாட்டுகளில் ஒருவர் வரியை எடுப்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நம் பஜனை மாதிரி முன்னால் பாடியதைத் திருப்பிப் பாடுவது கிடையாது, பதில் வேறு வரி. எடுத்தவர் முடிக்கும்வரை காத்திருப்பதும் இல்லை, அவர் வாலைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைவார்கள். சில இடத்தில் மொத்தக் கொயரும் வாய் மூடி ஒரு முனகலில் நிற்கும். அங்கே கொயர் மாஸ்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். ஆலாபனைக்கு அதைவிட நல்ல தம்பூரா எனக்கு வாய்த்ததில்லை.

எங்கே உட்காருவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் நின்றுகொண்டு, அசைந்துகொண்டு, சில பாட்டுகளில் அடி எடுத்து வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள். நாம் சம்மணம் போட்டு வயலின் தலையைக் கணுக்காலில் வைக்கிறவர்கள். ஓரமாக ஒரு தாழ்ந்த மேடை கேட்டு வாங்குங்கள். எனக்குப் பள்ளிக்கூடத்து மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் கம்பளி விரித்தார்கள், நன்றாக இருந்தது. மேசை கிடைக்காத நாட்களில் பேஸ் வரிசைக்குப் பக்கத்தில் மரத் தரையிலேயே உட்கார்ந்தேன். அவர்கள் காலடி விழும்போது தரை வழியாகத் தாளம் முட்டிக்கு ஏறும். கொயர் மாஸ்டரின் கையைப் பார்க்காமலே சமம், அதாவது தாளம் தொடங்கும் இடம், தெரிந்துவிடும்.

ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆல்டோ பாடும் ஒரு பெண்ணின் அம்மா இறந்துபோனார். அங்கே அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை காலை. வெள்ளி இரவு முழுக்க வீட்டில் பாட்டும் ஜெபமும். கொயரோடு என்னையும் கூப்பிட்டார்கள், வயலின் வேண்டாம், வந்தால் போதும் என்றார்கள். முற்றத்தில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்பக்கம் பெரிய பெரிய பாத்திரங்களில் சமையல். உள்ளறையில் தரையில் மெத்தை போட்டு, துக்கக்காரப் பெண்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் பாட்டை எடுப்பார், சுருதி கொடுக்க ஆள் கிடையாது, முதல் வரி முடிவதற்குள் நாலு குரலும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தாளத்துக்கு ஒருவர் பாட்டுப் புத்தகத்தையே உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார். நான் பேஸ்காரர்களோடு நின்றேன். பேஸ் வரியில் ஸ, ம, ப தெரிந்தால் பாதிப் பாட்டுக்கு மேல் ஓட்டிவிடலாம், வார்த்தை பக்கத்து ஆளின் வாயைப் பார்த்து. நடுராத்திரிக்கு மேல் ஒரு பாட்டில் ஆல்டோ வரி உள்ளறையிலிருந்து வந்தது. அந்தப் பெண்ணின் குரல்தான். முற்றத்து ஆல்டோக்கள் தங்கள் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்கள், நிறுத்தவில்லை.

அதே ராத்திரியில் இன்னொன்றும் பார்த்தேன். பேச வந்த ஒரு பெரியவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி மெதுவாக ஒரு பாட்டை எடுத்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பெரியவரும் சிரித்தபடி ஒரு வரி பாடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, இது அங்கே சகஜமாம். நம் ஊர் இசை விழாக்களுக்கு இதை உடனே இறக்குமதி செய்ய வேண்டும். சென்ற சீசனில் ஒரு சபாவில் (பெயர் வேண்டாம், பிழைப்பு நடக்க வேண்டும்) ஸ்பான்சர், அவருடைய சம்பந்தி, சம்பந்தியின் ஆடிட்டர் என்று வரிசையாகப் பேசி முடித்தபோது கச்சேரிக்கு மிஞ்சியது பாதி நேரம்தான். அதில் தனி ஆவர்த்தனம் போச்சு. கடைசியில் கையில் ஒட்டின கவரை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால், ஆட்டோவுக்கும் தந்திக்கும் போக ஒரு வேளை டிபன் காசு. எவ்வளவு என்று முன்கூட்டிக் கேட்டால் ‘கலையை வியாபாரமாக்குகிறான்’ என்று பேச்சு. அழைப்பிதழில் பாடகர் படம் அரைப் பக்கம், நம் பெயர் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

உம்லாசியில் ஒரு கல்யாணத்தில் பாடிவிட்டு வந்த மறுநாள், பொருளாளர் அம்மா கணக்கு நோட்டை விரித்து, வந்த பணத்தை எல்லோர் முன்னாலும் மேசையில் எண்ணினார். வேன் வாடகை போக மீதியைப் பங்கு போட்டார். சொப்ரானோவுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவே. இந்தக் கறாருக்குக் காரணம் கேட்டபோது கொயர் மாஸ்டர் சொன்ன பெயர் சாலமன் லிண்டா. அதே மாகாணத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போனவர், 1939-இல் தன் குழுவோடு ‘ம்புபே’ பாட்டைப் பதிவு செய்தவர். உரிமைக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். பின்னால் அமெரிக்காவில் சிங்கம் தூங்குகிறது என்று ஊரெல்லாம் பாடிய பாட்டு அதிலிருந்து வந்ததுதான். அவர் 1962-இல் ஏழையாகவே செத்தார். வழக்கு நடந்து, வாரிசுகளுக்குச் சமரசமாக ஏதோ வந்து சேர்ந்தது 2006-இல். இதைச் சொல்லிவிட்டு அவர், “அதனால்தான் மேசையில் எண்ணுகிறோம்” என்றார். நான் என் கவர் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொந்தக்காரர்கள் ‘ஆப்பிரிக்காவா, ஜாக்கிரதை’ என்பார்கள். ராத்திரியில் வயலினும் கையுமாகத் தனியாக நடக்காதீர்கள், கொயர்க்காரர்களே வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள். மற்றபடி போனதும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வணக்கம் சொல்லுங்கள், மொத்தமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காராதீர்கள். மாற்றுத் தந்தி கையோடு எடுத்துப் போங்கள். டர்பன் கடற்கரை ஊர், காற்றில் ஈரம், சென்னையில் செய்கிற மாதிரியே வில்லைத் தளர்த்தி வையுங்கள். 1986-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ஆல்பத்தில் பாடி, பிறகு உலகம் சுற்றிய தென்னாப்பிரிக்கக் குழு லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ மாதிரி ஏதாவது நடக்கும் என்ற கணக்கு இருந்தால், அதை மீனம்பாக்கத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

அவர்கள் அனுப்பிய தாளின் முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள். எந்தக் கட்டையில் சேர்த்தால் எத்தனை பாட்டு ஓடும் என்று பார்த்துச் சொல்கிறேன்.